கொத்தமல்லிக் குடங்கள்

1

என் ஊர் ரயில் நிலையத்தின் மேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

நான்கு மொழிகளில் அச்சடித்த தாள். தமிழ் கடைசியில். பொது இடத்தில் வைத்திருக்கும் இந்தப் பொருளைக் குறித்த தேதிக்குள் அகற்ற வேண்டும், தவறினால் நகர மன்றமே அப்புறப்படுத்தும் என்கிறது. ஒட்டிய புண்ணியவான் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கலாம். ஊருணிக் கரையில் நான் ஒவ்வொன்றாக நட்ட கருவேல மரங்களின் மேலேயே டேப்பை வைத்து அழுத்தியிருக்கிறார். உரித்தால் காடே கையோடு வந்துவிடும்.

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியில், லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில், இரண்டு பலகைகளாகச் சாய்ந்து நிற்கிறது முத்தாண்டி ஊருணி ரயில் நிலையம். மானாமதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவில் எங்கள் ஊருக்கென்று இருந்த நிலையம்தான். அசலைவிட எண்பத்தேழு மடங்கு சிறியது. பிளாட்பாரம், புளியமரம், சிமென்ட் பெஞ்சு, சிக்னல் கம்பம், வற்றிய ஊருணி எல்லாம் உண்டு. நேற்று லிஃப்டிலிருந்து இறங்கிய சீனப் பெரியவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்கா?" என்றார். இந்தியா என்றேன். "ஓ. வெரி ட்ரை, ஆ," என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனார்.

அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "நோ பிக் திங்ஸ். ரூம் ஒன்லி ஃபார் ஸ்லீப்." உண்மைதான். என் அறையில் நான் தூங்கலாம். புரண்டு படுப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பலகை போனால் போகட்டும். இத்தனை நாளும் அது இருந்த இடம் பொங்கோலில் என் அக்கா வீடு. அது அங்கிருந்து வெளியேறிய அன்றைக்கு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இந்தத் தீவில் எனக்கென்று இருக்கும் ஒரே வாசல் அது. அதன் மணியை இனி நான் அடிக்கலாமா, கூடாதா என்பதுதான் என் கவலை. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

2

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணினியில் கட்டடங்களை முப்பரிமாணமாக வரைந்து தருகிறவன். எந்தக் குழாய் எந்த உத்தரத்தில் இடிக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. நான் வரைந்த கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. பாதுகாவலரிடம் அட்டையைக் காட்டாமல் அவற்றில் எதற்குள்ளும் நான் நுழைய முடியாது.

இங்கே எல்லாவற்றுக்கும் அனுமதி. வேலை செய்ய அனுமதி, அதைப் புதுப்பிக்க அனுமதி, வாடகை அறையில் சமைக்க அனுமதி. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொரு நாளும் பதில் வந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் வந்தது, பரிசீலித்தோம், இயலவில்லை. காரணம் கேட்க அதில் இடமில்லை. அலுவலகத்தில் உள்ளூர்த் தமிழர்கள் என்னை 'ஊர்க்காரன்' என்பார்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் டீக்கடையில் 'சிங்கப்பூர்க்காரன்'. இரண்டு இடத்திலும் அது பாராட்டு இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் மேசை முழுக்க ஒரு ரயில் உலகத்தைப் பார்த்தேன். பனி மூடிய மலை, சுரங்கம், பைன் மரம், மரவீடு, அதன் நடுவே சின்னஞ்சிறு ரயில் வளைந்து வளைந்து ஓடியது. ஜன்னலுக்கு வெளியே முப்பத்து மூன்று டிகிரி. பனியையே தொட்டுப் பார்க்காத மனிதர் பனிமலை செய்துவைத்திருக்கிறார். கடைக்குப் போய்ப் பார்த்தால் விற்பதும் அதுதான். மரம் என்றால் பைன். புல் என்றால் மாடு மேயும் பச்சைப் புல். மனிதர்கள் என்றால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள், பனிச்சறுக்குக் கட்டையோடு.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. நான் எப்போதும் அப்படித்தான், ஒன்று தோன்றினால் அன்றைக்கே தொடங்கியாக வேண்டும். என் ஊர் நிலையத்தைச் செய்வேன் என்று முடிவெடுத்தேன். ரயில் பாதையை அகலமாக்கியபோது இடித்துப் போட்ட நிலையம். அதைக் கட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இந்த ஒரு நிலத்துக்கு நான்தான் அதிகாரி என்று நினைத்தேன்.

ஒரே ஒருத்தியிடம் கேட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

3

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகி இங்கே வந்தவள். மச்சான் இங்கேயே பிறந்தவர், சரக்கு விமானப் பிரிவில் வேலை. அவர்கள் மகள் ஆதிரா, நான்காம் வகுப்பு. பொங்கோலில் கடலோரப் பக்கமாகப் புது அடுக்குமாடி. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

இந்த ஊர் வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. சமையலறைப் பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு குட்டி அறை, தடித்த சுவர், இரும்புக் கதவு. போர் வந்தால் குடும்பம் ஒளிந்துகொள்வதற்கு. போர் வராததால் எல்லோரும் அதில் சூட்கேஸும் மின்விசிறியும் போட்டுவைத்திருப்பார்கள்.

"அக்கா, அந்த பாம் ஷெல்டர எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தர்றியா? ஒரு பலகை வெச்சுக்கிறேன்," என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ரயில் செட்டு. நம்ம ஊர் மாதிரி செய்யப் போறேன்."

"நம்ம ஊர்ல செய்யறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். பிறகு, "சரி, வெச்சுக்க. ஆனா சுவத்துல ஆணி கீணி அடிச்சிராத. அது கவர்மென்ட் சுவர்."

கதவைத் திறந்தால் உள்ளே இடுப்பளவுக்குத் தண்ணீர் பாட்டில்கள். கடையில் வாங்கியவை அல்ல. எண்ணெய் கேன், ஜூஸ் பாட்டில், சோடா பாட்டில் எல்லாவற்றையும் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து, மூடி இறுக்கி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது? சண்டை வரப் போகுதா?"

"இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

மச்சான் சோபாவிலிருந்தே சிரித்தார். "அது உங்க அக்காவோட ஹாபி லா, தம்பி. வாரா வாரம் பழைய தண்ணிய செடிக்கு ஊத்திட்டுப் புதுசா பிடிப்பா. நான் கேட்டுக் கேட்டு விட்டுட்டேன்."

"சிங்கப்பூர்ல தண்ணி நின்னா மறுநாள் பேப்பர்ல முதல் பக்கம் வந்துரும்க்கா," என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் போய்க் குளியலறையில் கொட்டினேன். எல்லாம் காலியாகும்வரை அக்கா கூடத்தில் நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, பலகையை எந்தப் பக்கம் சாய்த்தால் கதவு மூடும் என்று அளக்கப் போய்விட்டேன்.

4

மலை செய்வது சுலபம். கம்பி வலை, காகிதம், கொஞ்சம் சுண்ணாம்பு. சமவெளி செய்வதுதான் கடினம். எங்கள் ஊரில் கண்ணை நிறுத்த ஒரு மேடு கிடையாது. தரை போய்க்கொண்டே இருக்கும், அதன் முடிவில் வானம் வெளிறிக் கிடக்கும். பின்திரைக்கு முதலில் நீலம் அடித்தேன், ஐரோப்பா வந்துவிட்டது. நீலத்தைச் சுரண்டிவிட்டு, வெள்ளையில் சாம்பலும் ஒரு சிட்டிகை மஞ்சளும் கலந்து, அலுமினியச் சட்டியின் நிறம் வரும்வரை அடித்தேன். அப்போதுதான் வெயில் வந்தது.

"மாமா, ஒய் த ஸ்கை நாட் ப்ளூ?" என்று ஆதிரா கேட்டாள்.

"எங்க ஊர்ல ப்ளூ கெடையாது."

"சோ சேட்," என்றாள்.

ஊரிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்து தூவிவிடு, உருக்கமாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மண்ணை நினைத்தபடி கொண்டுவர முடியாது, அதற்கும் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிஜ மண்ணைப் போட்டால் பொய்யாகத் தெரியும். நமக்குத் தூசியாக இருப்பது அந்த அளவில் சரளைக் கல். பசை பட்டதும் கறுத்துவிடும். ஊரை ஊர் மண்ணால் செய்ய முடியாது. செங்கல் தூள், காப்பிச் சக்கை, கோலமாவு எல்லாம் சலித்துச் சலித்துக் கலந்தால்தான் அது ஊர் மண் போல இருக்கிறது.

என் கச்சாப் பொருளெல்லாம் தேக்கா சந்தையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும்தான். பனைமரத்துக்கு, இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சி, காகிதத்தில் வெட்டிய ஓலை. கருவேலத்துக்குத் தேங்காய் நாரைப் பிரித்துப் பசையில் தோய்த்து, மேலே அரைத்த கறிவேப்பிலைப் பொடி. இந்தத் தவறை நம்மவர்கள் மட்டும்தான் செய்ய முடியும். இந்த ஊர் ஈரக் காற்றில், ஜன்னலில்லாத அறையில், கறிவேப்பிலைக்கு என்ன ஆகும்? பூசணம் பூத்தது, வண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் திறந்தால் முத்தாண்டி ஊருணியில் வரலாறு காணாத பசுமை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, சாயம் போட்ட மரத்தூளில் மறுபடி காடு வளர்த்தேன்.

குடத்துக்குத்தான் ரொம்ப நாள் தவித்தேன். அந்த அளவில் ஒரு தண்ணீர்க் குடம் என்றால் மூன்றரை மில்லிமீட்டர். களிமண்ணில் பிடித்தால் உருண்டையாக வருகிறது, குடமாக வருவதில்லை. அக்கா ரசத்துக்கு வறுத்துக்கொண்டிருந்தபோது வாணலியைப் பார்த்தேன். கொத்தமல்லி விதை! அதே உருண்டை, பிளாஸ்டிக் குடத்தில் இருப்பதுபோல் பக்கவாட்டில் அதே வரிகள்கூட.

லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடை பாயிடம் கேட்டேன். "பாய், முழு மல்லி கொஞ்சம் வேணும். எல்லாம் ஒரே சைஸா இருக்கணும். பொறுக்கிக்கலாமா?"

"எவ்வளவு?"

"ஒரு நாப்பது விதை."

"நாப்பது கிராமா?"

"விதை, பாய்."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "குழம்புக்கா, கண்ணேறு கழிக்கவா?"

"குடம் செய்ய."

"தம்பி," என்றார் பாய் மிகுந்த பரிவோடு, "மத்தியான வெயில்ல அலையாதீங்க."

5

குடம் எதற்கு என்று ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஊருணி வற்றினால் தண்ணீர் என்பது ரயிலில் வருவது. காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு வரும் பாசஞ்சர் இரண்டு நிமிடம் நிற்கும். பிளாட்பாரம் நெடுகப் பெண்கள் குடங்களோடு காத்திருப்பார்கள். வண்டி முழுசாக நிற்பதற்குள் ஏறி, கழிவறைக் குழாயில், கைகழுவும் குழாயில் பிடிப்பார்கள். ஜன்னல் கம்பிகளில் கொக்கி போட்டுக் குடங்கள் தொங்கும். பயணிகள் திட்டுவார்கள், விசில் ஊதும், வண்டி நகர நகரக் குதிப்பார்கள். எனக்கு ஏழு வயது இருக்கும். பிளாட்பாரத்துக் கடைசியில் நின்று கார்டுக்கு டாட்டா காட்டுவேன். அக்காவுக்குப் பதினைந்து. அந்தக் கூட்டத்திலேயே வேகமாக ஏறி இறங்குகிறவள் அவள்தான். எனக்கு அது தினமும் நடக்கும் வேடிக்கை.

அந்தக் காட்சியைத்தான் செய்தேன். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பொம்மைகளின் தொப்பியைச் செதுக்கி, டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்துப் புடவை சுற்றினேன். ஒரு பொம்மைக்கு மட்டும் பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை. பெட்டிக் கதவோரம் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, இன்னொரு கையில் குடம். குடத்தின் வாயைச் சூடான ஊசியால் குழித்து, உள்ளே பளபளப்பு வார்னிஷ் விட்டேன், தண்ணீருக்காக. மூன்று முறை விட்டு விளிம்புவரை நிரப்பினேன். விளக்கைப் போட்டால் அந்த ஒரு துளி மின்னும். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக எதையும் நான் செய்ததில்லை.

"ஹூ இஸ் திஸ்?" என்று ஆதிரா கேட்டாள்.

"உங்க அம்மா."

"நோ வே!"

எல்லாவற்றையும் சொன்னேன். குடம், விசில், குதிப்பது எல்லாம். நான் சொல்லும் விதத்தில் அது சாகசக் கதையாகத்தான் இருந்திருக்கும். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

"அம்மா டிக்கெட் எடுத்தாங்களா?"

"ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கு டிக்கெட்?"

"தென் இட்ஸ் ஸ்டீலிங், மாமா."

"அப்படிப் பாத்தா, ஆமா," என்று சிரித்தேன்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது தேர்வு. ஒரு படத்தைக் காட்டுவார்கள், அதைப் பார்த்துச் சுத்தமான தமிழில் பேச வேண்டும். வீட்டில் ஆங்கிலம், தேர்வில் செந்தமிழ், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆதிரா வாய்மொழித் தேர்வுக்கு என் நிலையத்தைப் பார்த்துப் பேசிப் பழகினாள். எனக்குப் பெருமை. இரும்புக் கதவுக்குள் நாங்கள் இருவரும் குனிந்திருப்போம். அக்கா டீயைக் கதவோரம் வைத்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. முடித்துவிட்டுக் காட்டலாம், அசந்துபோவாள் என்று நானும் கூப்பிடவில்லை.

6

மச்சான்தான் என் பெயரைக் கொடுத்தார். அவர்கள் குடியிருப்புப் பேட்டைச் சமூக மன்றத்தில் குடியிருப்பாளர்களின் கைவண்ணக் கண்காட்சி. "எத்தன நாளைக்கு தம்பி ஷெல்டர்ல அடைச்சு வெப்பே? ஊரு பாக்கட்டும் லா." மின்சாரம் எத்தனை வோல்ட், பலகை எவ்வளவு எடை, தீப்பிடிக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினேன். அனுமதி கிடைத்தது! அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பக்கம் காகித மடிப்பு, ஒரு பக்கம் பாசிமணி, நடுவில் என் நிலையம். கூட்டம் வந்தது. அக்கா ஒரு தட்டில் கேசரியோடு வந்தாள். மச்சானின் அம்மா வந்தார், அக்காவோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். யாரோ ஒரு தமிழ்ப் பெரிய மனிதர், தோளில் துண்டு போட்டவர், "பாப்பா, இதைப் பற்றித் தமிழில் சொல்வாயா?" என்று ஆதிராவைக் கேட்டார்.

ஆதிரா கைகட்டி நிமிர்ந்து நின்றாள். தேர்வுக்கு நிற்பதுபோலவே.

"அனைவருக்கும் வணக்கம். இங்கே நீங்கள் ஒரு ரயில் நிலையத்தைக் காணலாம். இது என் மாமாவின் ஊர். இந்த ஊரில் மழை பெய்வதில்லை. ஆகையால் மக்கள் ரயிலிலிருந்து தண்ணீர் திருடுவார்கள். பச்சைப் பாவாடை அணிந்திருக்கும் இந்தப் பெண் என் தாயார். இவர்தான் எல்லாரையும்விட வேகமாகத் திருடுவார். நன்றி."

கைதட்டல். ஒரு பிழை இல்லை, ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. துண்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். "என்ன உச்சரிப்பு! இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும்வரை தமிழுக்குக் கவலை இல்லை."

கைதட்டல் அடங்கிய இடத்தில் மச்சானின் அம்மா மெல்லத்தான் கேட்டார். "ஏம்மா, உங்க வீட்டுலயே கிணறு இருக்குன்னுல்ல பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னாங்க?"

அக்கா கேசரித் தட்டை மேசையில் வைத்தாள். நிலையத்தின் அருகே வந்தாள். குனிந்து, முதல்முறையாக, முழுசாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூட வேலை பார்க்கும் பெண்களுக்குக் கேசரி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

7

மாலையில், கார் நிறுத்துமிடத்தில், வாடகை வேனில் பலகைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் ஆதிராவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அக்கா நின்றாள்.

"இது இனிமே என் வீட்டுக்கு வரக் கூடாது."

"அக்கா, அவ சின்னப் புள்ள. திருட்டுன்னு ஏதோ தெரியாம..."

"அவ சொன்னது சரிதான். டிக்கெட் எடுக்காம ஏறினா திருட்டுதான். அதுக்குக் கோவம் இல்ல."

"பின்ன, அத்தை கிணறுன்னு கேட்டதுக்கா?"

"கிணறு கெடக்குது. அம்மா சொன்ன பொய்யி. அதையும் நான்தான் இத்தன வருஷம் தூக்கிட்டு வர்றேன்." பலகையை நோக்கிக் கை நீட்டினாள். "இது யாரு? பையை மாட்டிக்கிட்டு டாட்டா காட்டுறது?"

"நான்தான்."

"ம். நல்லாத்தான் இருக்க. குளிச்சு, தலை சீவி, பள்ளிக்கூடப் பையோட." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் குடத்துல என்ன மினுங்குது?"

"தண்ணி. வார்னிஷ்க்கா. மூணு தடவ விட்டேன், அப்பத்தான் விளிம்பு வரைக்கும்..." இவ்வளவுக்குப் பிறகும் என் குரலில் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டியில, நூல் மாதிரி ஒழுகுற குழாயில, எந்தக் குடம்டா நெறஞ்சுது? என் குடம் ஒருநாளும் நெறஞ்சதில்ல. அரைக் குடம், முக்காக் குடம், அதுலயும் குதிக்கிறப்ப பாதி சிந்திரும். இருக்கிறத அம்மா உனக்குத்தான் முதல்ல ஊத்துவாங்க. பள்ளிக்கூடம் போற புள்ளன்னு."

கையிலிருந்த பலகையை வேனின் விளிம்பில் சாய்த்தேன்.

"நானும் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தவதான்டா. வண்டி வர்ற நேரத்துக்கு யாரு போறதுன்னு கேள்வி வந்துச்சு. நின்னது நான்."

வேன் ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கேர்ந்து தப்பிச்சு வந்தவ நான். இங்க குழாயத் தெறந்தா தண்ணி வருது. நாளைக்கும் வரும்னு நம்புறதுக்கு எனக்கு இன்னும் முடியல. எல்லாரும் ஹாபின்னு சிரிக்கிறீங்க. நீ என்னடான்னா, என்னைக் கொண்டுபோய்த் திரும்ப அங்கேயே ஒட்டி வெச்சிருக்க. பசை போட்டு, அசையாம."

போய்விட்டாள். நான் பொங்கோலிலிருந்து சுவா சூ காங் வரை, தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, வேனின் பின்னால் இரண்டு பலகைகளையும் கைகொடுத்துப் பிடித்தபடி வந்தேன். ஊர் சாய்ந்துவிடக் கூடாதாம்!

8

நோட்டீஸ் சொன்ன தேதிக்கு முந்தைய நாள், லிஃப்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பொம்மையை மட்டும் எடுக்கப் பார்த்தேன். நகத்தால் முடியவில்லை. பிளேடு வைத்து நெம்பினேன். குடம் உடைந்து எங்கோ தெறித்தது. இடுப்பை இடுக்கியால் பிடித்து இழுத்தேன். டக்கென்று வந்தது, கணுக்கால் வரைக்கும். இரண்டு பாதங்கள் பெட்டியின் படியிலேயே நின்றுவிட்டன. அந்தப் பசையின் டப்பாவில் பிடித்தால் விடாது என்று போட்டிருக்கும். பொய் சொல்லவில்லை.

மறுநாள் லாரி வந்தது. இரண்டு தொழிலாளர்கள் வந்து ஆளுக்கொரு பலகையாகத் தூக்கினார்கள். லிஃப்டில் நுழைக்கும்போது பனைமரங்கள் மடங்கின. கதவு மூடியது. எங்கள் ஊர் நிலையம் இரண்டாம் முறையாக இடிபட்டது. முதல்முறை இடித்தபோதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை என்று ஒரு வாக்கியம் மனதில் வந்தது. இந்த முறை அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மச்சானிடமிருந்து செய்தி வந்தது. 'ஞாயிறு வா தம்பி. உங்க அக்கா கூப்பிடல. நான்தான் கூப்பிடுறேன்.'

போனேன். மணியை அடிப்பதா என்று வாசலில் நின்று யோசித்தேன். அடித்தேன். ஆதிரா திறந்தாள்.

"மாமா, டிரெயின் எங்க?"

"போயிடுச்சு."

"ஓ." அதற்கு மேல் அவள் வருத்தப்படவில்லை. "அம்மா அந்த ஸ்டோரி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சோ, ஓரல் எக்ஸாமுக்கு நான் விலங்குத் தோட்டம் பத்திப் பேசப் போறேன். ஈசியர்."

இரும்புக் கதவு திறந்திருந்தது. நிலையம் இருந்த இடத்தில் பாட்டில்கள், கீழ் வரிசை மட்டும் நிறைந்து. சமையலறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று குழாயில் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடை முழுக்க வெறும் பாட்டில்கள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"பலகை?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சுக்கா."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நானுமா?"

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, திறந்து, மேடை விளிம்பில் வைத்தேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை.

"கால் எங்க?"

"அங்கேயே ஒட்டிக்கிச்சு. வரல."

அக்கா சிரித்தாள். அதில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அது அழுகையாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. பொம்மையை ஜன்னல் விளிம்பில் படுக்க வைத்தாள். நிற்க வைக்க முடியாது.

பிறகு ஒரு வெறும் பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "பிடி."

குழாயடியில் வைத்தேன். கழுத்து வரைக்கும் வந்ததும் மூடப் போனேன்.

"இன்னும்."

வாய் வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்தேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும்," என்றாள்.

தண்ணீர் நிறைந்து என் கை மேல் வழிந்தது. அக்கா மூடச் சொல்லவில்லை.